பூசத்துக்கு முந்தின ராத்திரி

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, கோக்கர்ஸ் வாக்கில் நடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கேட்பார்கள்: "ராத்திரியில இங்க பாட்டு, ஆட்டம் எதுவும் கிடையாதா?" மே மாதம் கோடை விழா நடக்கும், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, மேடையில் கலை நிகழ்ச்சி எல்லாம் இருக்கும். ஆனால் இந்த மலையைச் சேர்ந்த பெரிய இசை விழா மேலே நடப்பதில்லை. அடிவாரத்தில், பழனியில், தை மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி கிரிவீதியில் ஒரு சுற்று வந்தால் போதும். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை. பத்தடிக்கு ஒரு மேளம்.

எங்கள் வீடு பண்ணைக்காட்டில். காப்பித் தோட்டத்துக்குள் ஊடுபயிராக மலைவாழை நிற்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கீழ்மலையின் விருப்பாச்சி வாழைதான். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தை பிறந்தால் தார்கள் பழனிக்கு இறங்கும். பின்னாலேயே நானும் என் மதினியும் இறங்குவோம். ஊத்து, பெருமாள்மலை, அங்கிருந்து பழனி மலைப்பாதை. மதினிக்குச் சாமி முக்கியம். எனக்கும் சாமி முக்கியம், ஆனால் நான் முதலில் போய் நிற்பது மேளத்துக்குப் பக்கத்தில்.

பூசம் பத்து நாள் விழா. ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடி ஏறும். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் பூசத்தன்று ரத வீதியில் தேர். அதற்குள் செட்டிநாட்டிலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து, தாராபுரத்திலிருந்து, உடுமலையிலிருந்து நடந்து வருகிற கூட்டம் எல்லாம் பழனிக்குள் வந்துவிடும். சண்முக நதியிலோ இடும்பன் குளத்திலோ குளித்து, காவடி எடுத்து, மலையை வலம் வந்து படி ஏறுவார்கள். இந்த வலம்தான் கிரிவீதி; இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் தன் ஊர் மேளத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அதனால் அந்த ஒரு வளையத்துக்குள் நாலைந்து மாவட்டத்து இசையை நடந்தே கேட்டுவிடலாம்.

பூசத்தன்று வள்ளலார் நினைவு நாளும் சேர்ந்து வருவதால் அரசு மதுக்கடைகளுக்கு விடுமுறை. இது எனக்குப் பெரிய விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் இரண்டு பொம்பளைகள் கால் நீட்டி உட்கார்ந்து சுக்குக் காப்பி குடிக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே ஆடுகிறவன் மேளத்துக்காக ஆடுகிறான்.

பாத விநாயகர் கோயில் பக்கம் நையாண்டி மேளம் கிடைக்கும். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு செட்டு. கச்சேரி நாதஸ்வரத்தையே கேட்டுப் பழகியவர்களுக்கு இது வேறு வேகமாகத் தெரியும். ராகத்தை விரித்துக்கொண்டிருக்க நேரமில்லை; காவடிக்காரனின் கால் நிற்கக் கூடாது. தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளைப் பாருங்கள். துணியும் பசையும் சேர்த்துச் செய்தவை. காய்ந்தால் கல்லு மாதிரி இருக்கும். இடது கையில் குச்சி. அந்தக் கூடும் குச்சியும் மாறி மாறிப் பேசுவதைக் கிட்டே நின்று கேட்டால்தான் புரியும். பழனிக்கும் தாளத்துக்கும் உறவு பழையது. மிருதங்கத்தில் பேர் பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இந்த ஊர்க்காரர். இடது கைக்காரர். மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியில் அவர் எழுப்பிய நாதத்தைப் பற்றி இன்றைக்கும் வித்துவான்கள் பேசிக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளிப் போனால் வைக்கோல் எரியும் வாசனை வரும். அங்கே பறை செட்டு இருக்கிறது என்று அர்த்தம். தை மாதம் மலையடிவாரத்தில் பனி இறங்கும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளர்ந்துவிடும், சத்தம் மந்தமாகிவிடும். அதனால் மணிக்கொரு தரம் தீ மூட்டி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். வட்டமான வேப்பங்கட்டையில் கன்றுத்தோல் இழுத்துக் கட்டியது பறை. காய்ச்சும்போது ஒருவர் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'தொம்' என்று கிடந்தது மெல்ல மெல்ல ஏறி 'டண்' என்று மணி போல வரும். அந்த நேரத்தில் கையை எடுக்க வேண்டும்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் காட்டினா என்ன ஆகும்?" என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"கிழிஞ்சிரும்க்கா. காதுலதான் சூடு பாக்கணும், கையில இல்ல."

வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி. அடிக்குச்சி தாளத்தின் முதுகெலும்பைப் பிடித்துக்கொள்ள, சிண்டு அதன் இடைவெளிகளில் புகுந்து விளையாடும். ஒரு காலத்தில் இந்தக் கருவியைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி, அடித்தவர்களையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். இன்று கோயில் வீதியில் பெண்பிள்ளைகளும் பறை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் மலையில் பறை தெரிந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தாராபுரம் பக்கத்துக் கூட்டம் வந்தால் உறுமி இருக்கும். இடை சிறுத்த மேளம், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கம் நேர்க்குச்சியால் அடி. மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில் ஒரு உறுமல் கிளம்பும். அது காதுக்குள் போவதை விட நெஞ்சுக்கூட்டுக்குள் போகிறது. சாமி ஆடுகிறவர்களைக் கவனித்தால் தெரியும்: அடிக்கு அவர்கள் அசைவதில்லை, தேய்ப்பு நீளும்போதுதான் உடம்பு சிலிர்க்கிறது. "அம்மணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அருள் வருது" என்று பெரியவர் ஒருவர் என்னை ஓரம் கட்டினார். தள்ளி நின்றேன், ஆனால் போகவில்லை.

வடக்குக் கிரிவீதியில் கும்மி. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இப்போது ஊர் ஊராகப் பரவிவிட்டது. வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஒரே சீலை, ஒரே சட்டையில் நூற்றுக்கணக்கானோர் சுற்றி வருகிறார்கள். இதைப் பல பத்தாண்டுகள் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றிய கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ வந்தது. உடுமலைப் பக்கத்துக் கூட்டத்தில் சில சமயம் தேவராட்டமும் பார்க்கலாம்.

காவடிச் சிந்து பாடுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் 19ஆம் நூற்றாண்டில் பாடி வைத்த சிந்துகள், காவடி தூக்கி நடக்கும் காலுக்கென்றே பிறந்தவை. இன்று அந்த இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்தலுக்குப் பந்தல் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி, பதிவு செய்த பக்திப் பாட்டைப் போடுகிறார்கள். நல்ல பாட்டுகள்தான். ஆனால் அறுபது, எழுபது மைல் மேளத்தைத் தோளில் சுமந்து நடந்து வந்த மனிதன் அந்தப் பெட்டிக்கு முன்னால் வரும்போது குச்சியை இறக்கிவிடுகிறான். அவன் அடித்தாலும் கேட்காது. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அன்னதானப் பந்தல் போடும் புண்ணியவான்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு மேள செட்டு நெருங்கும்போது ஐந்து நிமிஷம் பாட்டை நிறுத்துங்கள்.

இதில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 முதல் கிரிவீதிக்குள் தனியார் வண்டிகள் வருவதில்லை. ஹாரன் போன பிறகுதான் தூரத்து மேளம் எந்தத் திசையில் என்று காதே வழி காட்டுகிறது.

மேளம் இல்லாத பூசம் எப்படி இருக்கும் என்பது சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தெரியும். 1973 முதல் அங்கே காவடி ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை. 2016இல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. பக்கத்து மலேசியாவிலோ உறுமி மேளக் குழுக்களில் பள்ளிக்கூடப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு சேர்கிறார்கள். நம் ஊரில் யாரும் தடை போடவில்லை. நாமே பெட்டியை அடுக்கி அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

போகிறவர்கள் சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். சட்டையில் குத்துவதை விட, வாசித்து முடித்ததும் கையில் கொடுத்து, எந்த ஊர், என்ன செட்டு என்று கேளுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆடியிலும் கிடையாது. தையும் பங்குனியும்தான் இவர்கள் வீட்டில் அடுப்புக்குத் தெம்பு. பிள்ளைகளோடு போனால் காதில் பஞ்சு வையுங்கள். படி ஏறுவதாக இருந்தால் போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் அதற்கு அனுமதி இல்லை. மேலே சன்னதியில் நாதஸ்வரம் வாசிக்கும்போது யாரும் கையைத் தூக்கிப் படம் பிடிக்காமல் நின்று கேட்கிறார்கள்.

பூசத்துக்கு வர முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பூசம் முடிந்த சில நாளில் எடப்பாடிக் காவடிக் கூட்டம் வரும். ராத்திரி மலை மேல் தங்குகிற உரிமை அவர்களுக்கு மட்டும்தான், தலைமுறை தலைமுறையாக. மேலேயே உட்கார்ந்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள், மேளமும் கூடவே இருக்கும்.