கடை முதலும் சொந்த வீடும்

ராஜா அண்ணாமலைபுரத்திலும் மந்தைவெளியிலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் மாதம் இரண்டு வாடகை கொடுக்கிறோம். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கடை வாடகையை வியாபாரச் செலவு என்று எழுதிவிட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறோம். வீட்டு வாடகை கொடுக்கும்போதோ, "இத்தனை வருஷம் கொடுத்த பணத்தில் ஒரு வீடே வாங்கியிருக்கலாமே" என்ற பேச்சு எழாத வீடு இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலம் வந்தால் அந்தப் பேச்சு வலுக்கிறது. ஒரு நாள் கல்லாவில் இருந்த பணமும், சீட்டு எடுத்த பணமும், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வைத்திருந்த பணமும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு முன்பணமாகப் போய்விடுகிறது. ஆறு மாதத்தில் கடை அலமாரியில் சரக்கு குறையத் தொடங்குகிறது. வாடிக்கையாளர் கேட்டதை "நாளைக்கு வரும்" என்று சொல்லத் தொடங்குகிறோம்.

சொந்த வீடு வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. கடை கெடாமல் வீடு வாங்குவது எப்படி என்பதையே இங்கே கவனிப்போம்.

நாம் வியாபாரம் செய்யும் இந்த இடமே ஒரு வணிகரின் பெயரைத் தாங்கியது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் (1881-1948) சிதம்பரத்தில் 1929-ல் பல்கலைக்கழகம் கண்டவர். அவர் பிறந்த நகரத்தார் சமூகத்தினர் பர்மா முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு, பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திச் செட்டிநாட்டில் மாளிகைகள் கட்டினர். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பிறகு 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. பலருடைய தொழில் முதல் அங்கேயே போயிற்று. பராமரிக்க வருமானம் இல்லாத மாளிகைகளில் சில பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. தொழில் இருக்கும் வரையில்தான் வீடு நிற்கும். நம் அளவில் இருக்கும் சிறு வியாபாரிக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும்?

ஒரு பேச்சுக்கு 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையிலும் வங்கி கொடுக்கலாம். ஆகவே அதிகபட்சக் கடன் 48 லட்சம். நம் கையிலிருந்து 12 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். அது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது. தரகு, வக்கீல் செலவு, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்தால் 20 லட்சத்துக்குக் குறையாமல் கைப்பணம் வேண்டும். பழைய கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டால் இன்னும் கூடும்.

இந்த 20 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கடையின் தலைவிதி இருக்கிறது. சேமிப்பு, நகை, ஊரில் உள்ள நிலத்தை விற்ற பணம் என்றால் நல்லது. இரண்டு மாதக் கொள்முதலுக்கான தொகையும், மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் நம் பணம் அல்ல என்றே கருத வேண்டும். முன்பணத்துக்காக மீட்டர் வட்டி, கந்து வட்டி வாங்குவது கிணற்றில் விழுவதற்குச் சமம். கந்து வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் வாங்கியவர் படும் பாடு நாம் அறியாததல்ல.

குறைத்துக் காட்டிய வருமானம்

மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டை நீட்டினால் வங்கி கணக்குப் போட்டுவிடும். நம்மிடம் வங்கி கேட்பது இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, நடப்புக் கணக்கின் வரவு செலவு ஆகியவை. வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டிய வருமானம் இந்த இடத்தில் நம்மையே திருப்பி அடிக்கிறது.

ஆண்டுக்கு 60 லட்சம் விற்றுமுதல் உள்ள ஒரு மளிகைக் கடைக்காரர், அனுமான வருமானத் திட்டத்தில் 8 சதவீதம் காட்டுகிறார். ஆண்டு வருமானம் 4 லட்சத்து 80 ஆயிரம், மாதம் 40 ஆயிரம். தவணைக்குப் பாதிக்கு மேல் போகாதபடி வங்கி பார்த்தால், மாதத் தவணை 20 ஆயிரம். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் கிடைக்கும் கடன் சுமார் 22 லட்சம். நாம் நினைத்த 48 லட்சத்தில் பாதிகூட இல்லை. உண்மையில் அவர் அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். ஆனால் காகிதத்தில் இல்லாத வருமானத்துக்குக் கடன் கிடையாது. எனவே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கணக்கைச் சீராக எழுதத் தொடங்க வேண்டும். வேலைக்குப் போகும் மகனையோ, வருமானம் உள்ள மனைவியையோ கடனில் கூட்டாகச் சேர்ப்பது இன்னொரு வழி.

கடைக்கு அருகிலா, புறநகரிலா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் புது அடுக்குமாடி வீடு நமக்கு எட்டாத உயரம். அதே பணத்துக்குத் தாம்பரத்துக்கு அப்பால் புது வீடு கிடைக்கும். ஆனால் பால் வண்டி வரும் நேரத்துக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்கு அடைப்பவருக்குத் தூரம் ஒரு செலவு. போக்குவரத்தில் போகும் இரண்டு மணி நேரம் கடையில் ஆள் இல்லாத நேரம். புறநகரில் வாங்குவோர், அங்கே குடி போவதா, வாடகைக்கு விட்டு இங்கேயே இருப்பதா என்பதை வாங்குமுன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இங்கேயே பழைய வீடு வாங்குவோர் சதுர அடியை மட்டும் பார்க்கக் கூடாது. கட்டடத்துக்கு ஆண்டுதோறும் மதிப்பு குறையும்; மதிப்பு ஏறுவது நிலத்துக்குத்தான். பத்திரத்தில் எழுதியுள்ள பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதே முதல் கேள்வி. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்போது நமக்கு வரும் பங்கும் இந்த நிலப் பங்கைப் பொறுத்ததே. இந்தப் பகுதியின் தெற்கு எல்லையில் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவிட்டுத் தரைத்தள வீட்டுக்கு விலை பேசுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், 'ரெரா' என்னும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமையில்லை. கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் அது இல்லை.

மண் யாருடையது?

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு இங்கே நிலங்கள் இருக்கின்றன. கோயில் நிலத்தில் கட்டடம் மட்டும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதியின்றி விற்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. "விலை மலிவு, உடனே முடித்துவிடலாம்" என்று தரகர் அவசரப்படுத்தினால் இந்தச் சந்தேகம் நமக்கு வர வேண்டும்.

பக்கிங்காம் கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022-ல் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்களின் வீடுகள் ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டன. மனமுடைந்த ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். மின்கட்டண ரசீதும் குடும்ப அட்டையும் ஒருவர் அங்கே குடியிருப்பதைக் காட்டும். மண்ணின் உரிமையை அவை காட்டா.

எனவே மூலப்பத்திரங்களை அசலாகப் பாருங்கள். 30 ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, திட்ட அனுமதிப்படி எத்தனை மாடி என்று சரிபாருங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், திருமணமாகிப் போன பெண்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

ரொக்கம் வேண்டாம்

கல்லாவில் ரொக்கம் புழங்குவது நம் தொழிலின் இயல்பு. வீட்டு விஷயத்தில் அது ஆகாது. 2015 ஜூன் முதல், அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கலாம். கொடுத்தவருக்கும் நஷ்டமே. பத்திரத்தில் வராத தொகைக்கு வங்கிக் கடன் இல்லை; பேரம் முறிந்தால் திரும்பக் கேட்கச் சாட்சியும் இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு.

வாங்கிய பிறகு

40 லட்சம் கடனுக்கு, 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 36 ஆயிரம். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 86 லட்சம். 15 ஆண்டு என்றால் தவணை சுமார் 40,600. மொத்தம் 73 லட்சம். வியாபாரத்தில் வருமானம் ஏறி இறங்கும் என்பதால் நீண்ட தவணையே எடுத்துக்கொண்டு, பண்டிகை வியாபாரம் முடிந்ததும் கையில் மிஞ்சுவதை அசலில் கட்டுவது நமக்கு ஏற்ற முறை. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபரிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது.

இன்னொன்று. தனி உரிமையாளர் கடைக்கும் அவர் வீட்டுக்கும் சட்டத்தில் சுவர் இல்லை. கடைக் கடன் வீட்டைத் தொடும். வீடு வந்ததும் அதையே ஈடு வைத்துக் கடைக்கு ஓவர்டிராப்ட் எடுக்கலாம் என்று ஆசை வரும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடனாகிவிடும். பிறகு 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை ஏலம் விடும் நடவடிக்கையைத் தொடங்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. நாம் படுத்தால் கடை படுக்கும் என்பதால், கடன் அளவுக்கு ஆயுள் காப்பீடும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்வது அவசியம்.

முடிவு எடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வரப்போகும் தவணையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழித்து, மீதியை மாதாமாதம் தனிக் கணக்கில் ஓராண்டு போட்டு வாருங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தையும், தீபாவளிக் கொள்முதலையும், எதிர்பாராத ஒரு மருத்துவச் செலவையும் கடந்து, அந்தக் கணக்கைத் தொடாமல், சரக்கும் குறையாமல் பன்னிரண்டு மாதம் ஓட்டிவிட்டால், தயங்காமல் வீடு பாருங்கள். சேர்ந்த பணம் பத்திரச் செலவுக்கு உதவும். நடுவில் கை வைக்க நேர்ந்தால், இன்னும் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. கடை ஓடினால் வீடு வரும்.