பத்து பவுண்டுக்குள் ஒரு மிதவை

"மாமா, இதை வாங்கலாமா?" என்று போனை நீட்டினான் அக்கா மகன். பீர் வாளிக்குள்ளேயே மிதந்துகொண்டு, நொதித்தல் எந்த அளவில் இருக்கிறது என்று போனுக்குத் தகவல் அனுப்பும் மின்னணு ஹைட்ரோமீட்டர். விலை 100 பவுண்டுக்கு மேல்.

"வாளி, மால்ட், ஈஸ்ட் எல்லாம் சேர்த்தாலே இதுல பாதி ஆகாதுடா. முதல்ல டீயைக் குடி" என்றேன்.

குரோய்டனில் என் சமையலறையில் நடந்த பேச்சு இது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் வேண்டியதில்லை. விற்காமல் இருந்தால் சரி. தமிழ்நாட்டில் இதே காரியம் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கற்ற வித்தையை லீவுக்கு ஊருக்குப் போகும்போது காட்ட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

ஹைட்ரோமீட்டர் என்றால் என்ன என்று அவனுக்கு நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பாட்டி பால் சொசைட்டிக்கு ஊற்றியவள். சொசைட்டிக்காரர் லாக்டோமீட்டரைப் பாலில் விட்டுக் குனிந்து பார்ப்பதும், பாட்டி அவர் முகத்தையே பார்ப்பதும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் கலந்த பாலில் அது கீழே இறங்கிவிடும். இதுவும் அதே சாதிதான், அளவுகோல் மட்டும் வேறு. அடியில் கனத்துக்குக் குண்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தண்டு, தண்டுக்குள் சுருட்டிச் செருகிய காகிதத்தில் கோடுகள். மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, தண்ணீரைவிடக் கனம், அதனால் தண்டு உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன சாறு லேசாகும், தண்டு அமிழும். தண்ணீர் 1.000 என்றால் சாதாரண பீர்ச் சாறு தொடக்கத்தில் 1.050 காட்டும், முடிவில் 1.010 பக்கம் வந்து நிற்கும். இடைப்பட்ட 0.040-ஐ 131-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஆல்கஹால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் எத்தனை சதவீதம் என்று பெருமை பேசிக்கொள்வதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம். எப்போது பாட்டிலில் அடைக்கலாம் என்று சொல்வதுதான் இதன் முக்கியமான வேலை. எனக்கு இது செலவு செய்து கற்ற பாடம். முதல் தடவை, வாளி மூடியில் குமிழ் வருவது நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்து அடைத்துவிட்டேன். குளிரில் ஈஸ்ட் சோம்பிப்போனாலும் குமிழ் நிற்கும் என்பது அப்போது தெரியாது. இரண்டு வாரம் கழித்து, ராத்திரி மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியில் டமார் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. மிச்சமிருந்த சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்று, வாயு வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியைப் பிளந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரே எண் காட்டினால்தான் அடைப்பேன்.

"அப்போ நல்லதா ஒன்னு வாங்கிடலாமே?" என்றான். நல்லது என்றால் விலை கூடியது என்று அர்த்தமில்லை. 5 முதல் 10 பவுண்டுக்குள் கிடைக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டரே இந்த வேலைக்குத் தாராளம். வாங்கும்போது பார்க்க வேண்டியது கோடுகளின் நெருக்கத்தை. 0.990-லிருந்து 1.170 வரை ஒரே தண்டில் அடைத்திருப்பார்கள். பீர், ஒயின் இரண்டுக்கும் ஆகும் என்பதற்காக. அவ்வளவையும் அந்தச் சாண் நீளக் காகிதத்தில் திணிப்பதால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 0.002 வித்தியாசம். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்குப் போதும். என்னைப் போல் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், 0.990-லிருந்து 1.020 வரை மட்டும் காட்டும் இன்னொன்றைக் கடைசிக் கட்டத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். அதில் கோடுகள் விலகி விலகி இருக்கும்.

எந்த வெப்பநிலைக்குச் செய்தது என்பதையும் பாருங்கள். காகிதத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். இப்போது பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ், பழையதாக இருந்தால் 15.5. சாறு சூடாக இருந்தால் இளகி, எண் குறைத்துக் காட்டும். 20-க்குச் செய்ததை 30 டிகிரிச் சாற்றில் விட்டால் 0.0025 அளவு கூட்டிக்கொள்ள வேண்டும், 40-ல் 0.006. அதற்குமேல் கணக்குப் போடுவதைவிட ஆறவிடுவது நல்லது. கொதிக்கும் சாற்றில் விட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

கூடவே உயரமான சோதனைக் குழாய் ஒன்றும் வேண்டும். ஹைட்ரோமீட்டர் பக்கச் சுவரைத் தொடாமல் மிதக்கிற அகலம் இருக்கட்டும்; தொட்டால் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். விட்டதும் தண்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒட்டிய குமிழ்கள் உதிரும். இல்லையென்றால் அவை ரப்பர் டியூப் மாதிரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு அடிமட்டத்தைப் படிக்க வேண்டும். அளந்த சாற்றைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், கிருமி போய்விடும். குடித்துப் பாருங்கள்; நாளுக்கு நாள் இனிப்பு குறைவது நாக்கிலும் தெரியும்.

"மலிவானது தப்பாக் காட்டாதா?" என்ற கேள்விக்கு, அலமாரியிலிருந்து என்னுடையதை எடுத்தேன். 20 டிகிரித் தண்ணீரில் விட்டோம். 1.002. பையன் சிரித்தான். அப்புறம் சமையல் தராசில் 100 கிராம் சர்க்கரை, 900 கிராம் தண்ணீர் நிறுத்துக் கரைத்தோம். அது 1.040 காட்ட வேண்டும், 1.042 காட்டியது. உள்ளே காகிதம் ஒரு கோடு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். எப்போதும் அதே அளவு பொய் சொல்வதால், கழித்துக்கொண்டால் தீர்ந்தது. இரண்டு இடத்திலும் வெவ்வேறு பிசகு காட்டியிருந்தால்தான் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தக் கருவிக்கு வந்த அவமானம் எங்கள் வீட்டோடு தொடங்கியதல்ல. ஹாம்ப்ஷயரில் ஆல்டன் ஊர் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் 1760-களின் கடைசியில் ஒன்று வாங்கி, புதுமை பிடிக்காத அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து அளந்திருக்கிறார். லண்டனின் பெரிய பீர் முதலாளி சாமுவேல் விட்பிரெட்டிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, போய் உன் வேலையைப் பார் என்கிற ரீதியில் பதில் வந்ததாம். 1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். இப்படி அளக்கத் தொடங்கிய பிறகுதான், மலிவு என்று வாங்கிய பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட் அதிகச் சர்க்கரை தருகிறது என்பது காய்ச்சுபவர்களுக்கு உறைத்தது. போர்ட்டர் என்ற கரும்பீரின் செய்முறையே அதனால் மாறியது. 1880-லிருந்து 1993 வரை பிரிட்டிஷ் அரசு பீர் வரியைக் கணக்கிட்டதும் தொடக்க அடர்த்தியை வைத்துத்தான்.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பற்றியும் கேட்டான். இரண்டு சொட்டில் வேலை முடியும், ஆனால் ஆல்கஹால் சேர்ந்ததும் குழம்பிவிடும், தனிக் கணக்குப் போட வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஹைட்ரோமீட்டர் மட்டும் ரெண்டா வாங்கு.

"எதுக்கு ரெண்டு?"

"கழுவும்போது ஒன்னு போயிடும். எனக்கு இது நாலாவது."

போன வாரம் போன் செய்தான். இரண்டும் வந்துவிட்டன, ஒன்று தண்ணீரில் 0.998, இன்னொன்று 1.001.

"எழுதி ஒட்டிட்டியா?"

"டப்பா மேலயே ஒட்டிட்டேன் மாமா. ஒன்னுல கூட்டணும், ஒன்னுல கழிக்கணும்."