கிணற்றில் விழுந்த கல்லும் ஒரு கழித்தல் குறியும்

கிணற்றின் கைப்பிடிச்சுவர் மட்டத்திலிருந்து ஒரு கல்லைச் செங்குத்தாக மேல்நோக்கி எறிகிறோம். அதன் தொடக்கத் திசைவேகம் வினாடிக்கு 10 மீட்டர். மேலே சென்ற கல் திரும்பி வந்து கிணற்றுக்குள் விழுகிறது. எறிந்த 3ஆம் வினாடியின் முடிவில் தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது?

இக்கணக்கை வகுப்பில் கொடுத்தேன். சிலர் 75 மீட்டர் என்றனர். சிலர் 15 மீட்டர் என்றனர். இரு சாராரும் கையாண்டது ஒரே சமன்பாடுதான்:

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்²

பின் விடை ஏன் மாறியது? குறியினால்தான். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி எனக் கொண்டால், கீழ்நோக்கிய புவியீர்ப்பு முடுக்கம் எதிர்க்குறி பெற வேண்டும். எளிமைக்காக அதன் மதிப்பை 10 எனக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். அப்போது இடப்பெயர்ச்சி 30 − 45 = −15 மீட்டர். எதிர்க்குறி, தண்ணீர் கைப்பிடிச்சுவருக்குக் கீழே இருப்பதைக் காட்டுகிறது. குறியை மறந்தவர்கள் 30-ஐயும் 45-ஐயும் கூட்டிவிட்டனர். அவர்களை நம்பிக் கயிறு வாங்கினால் 60 மீட்டர் வீண்!

“உச்சியில் கல் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே முடுக்கம் சுழிதானே?” என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. உச்சியில் சுழியாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் சுழியானால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும் அன்றோ? ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் முடுக்கம் ஒன்றே. ஆகவேதான் பயணம் முழுவதற்கும் ஒரே சமன்பாடு போதுமானதாகிறது.

விடையை வேறு வழியில் சரிபார்ப்போம். கல் 1 வினாடியில் 5 மீட்டர் ஏறி உச்சியை அடைகிறது. மீதி 2 வினாடி அது ஓய்வுநிலையிலிருந்து விழுகிறது. இவ்வாறு விழும் பொருள் கடக்கும் தொலைவு காலத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் விளக்கினார். 1 வினாடிக்கு 5 மீட்டர் என்றால் 2 வினாடிக்கு 20 மீட்டர். அதில் ஏறிய 5 மீட்டரைக் கழித்தால் 15 மீட்டர்!

தண்ணீரைத் தொடும்போது திசைவேகம் 10 − 30 = −20; அதாவது கீழ்நோக்கி மணிக்கு 72 கிலோமீட்டர். எனவே, ஆள் இறங்கியுள்ள கிணற்றருகே விளையாட்டுக்குக்கூடக் கல்லைக் கையில் எடுக்காதீர்கள்.