பெட்டியிலிருந்து மார்புக்கு: குறைமாதக் குழந்தையின் பாலூட்டல் குறித்து

இதை எழுதுபவன் வைத்தியன் அல்லன். ஒரு காலத்தில் விலங்கியல் படிப்பித்தவன். இப்போது தொழிற்சாலையொன்றில் பொதி கட்டுபவன். ஆயினும் நம்மவர் பிள்ளைகள் மாதம் நிறையாமற் பிறக்கும்போது மொழிபெயர்ப்புக்கென்று வைத்தியசாலைக்கு அழைக்கப்படுபவர்களில் நானும் ஒருவன். அங்கே பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்யிறது?" ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் பதிலும் ஒன்றுதான்: "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், அவங்கள் பாப்பாங்கள்." இப்பதில் தவறானது. ஆனால் அது நமது அறியாமையிலிருந்து மட்டும் வந்ததல்ல. மேற்கத்தைய மருத்துவமே நெடுங்காலம் தாய்மாருக்குச் சொல்லிவந்த பதில் அது.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பதே குறைமாதப் பிறப்பு. பாரிஸ் நகரின் மகப்பேற்று வைத்தியர் ஸ்தெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, 1880களின் தொடக்கத்தில் இத்தகைய சிசுக்களுக்கான வெப்பப் பெட்டியை அறிமுகப்படுத்தினார். பின்னர் அந்தப் பெட்டி கண்காட்சிப் பொருளாயிற்று. 1896இல் பெர்லினிலும், அதன் பின் 1943 வரை நியூயோர்க்கின் கோனித் தீவிலும் மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டினார். பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை; பல உயிர்கள் பிழைத்ததும் உண்மை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்ற தாயின் இடம் பார்வையாளரின் இடமாகிவிட்டது. தொற்றுப் பற்றிய அச்சத்தோடு இந்த ஏற்பாடு வைத்தியசாலைக்குள்ளும் நிலைபெற்றது.

இதற்கு மாற்று வந்தது பணக்கார நாடொன்றிலிருந்து அல்ல. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைத்தாய்மார் நிறைந்து வழிந்த மகப்பேற்று நிலையமொன்றில் பெட்டிகள் போதவில்லை. தொற்றினால் குழந்தைகள் இறந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளும் இருந்தன. எட்கர் றே, ஹெக்டர் மார்த்தினெஸ் என்ற இரு வைத்தியர்கள், நிலை சற்றுத் தேறிய குழந்தைகளை வெற்று மார்போடு நிமிர்த்திக் கட்டித் தாயின் உடற்சூட்டில் வைத்தார்கள். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். வறுமைக்கு வாய்த்த மலிவான மாற்று என்றே இதனை நெடுநாள் பலர் கருதினர்.

கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையோடு பிறந்த 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். பிறந்தவுடனேயே மார்பில் வைக்கப்பட்டோரில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 வீதம், நிலை தேறிய பின்பே மார்பில் வைக்கப்பட்டோரில் 15.7 வீதம். வேறுபாடு தெளிவானதும் ஆய்வை இடைநடுவில் நிறுத்தினர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் உடனடிக் கங்காரு முறையைப் பரிந்துரைத்தது.

இவ்விடத்தில் நம்மில் சிலருக்குப் பிடித்தமான ஒரு முடிவுக்கு வழுக்கிச் செல்வது எளிது: 'கீழைத்தேயத் தாய்மை வென்றது, மேற்கின் இயந்திரம் தோற்றது' என்று. அப்படியல்ல. அக்குழந்தைகள் சுவாச உதவியும் பயிற்சி பெற்ற தாதியரும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்தார்கள். தாய்க்கான கட்டிலும் அதே பிரிவுக்குள் போடப்பட்டது. மாறியது அவ்வளவுதான், ஆனால் அது சிறிய மாற்றமல்ல.

பாலுக்கு வருவோம். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றையும் ஒழுங்காக இணைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 34 வாரமளவிலேயே நம்பத்தக்கதாக முதிர்கிறது. அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் பால் துளித்துளியாகக் கொடுக்கப்படும். குடல் ஏற்கும்வரை மீதி நாளத்தின் வழியே. குழாயைக் கண்டதும் 'இனி என் பால் எதற்கு' என்று தாய் எண்ணுகிறாள். உண்மை நேர்மாறானது. 926 குறைமாதக் குழந்தைகளை அவதானித்து 1990இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், குடற்சுவர் அழற்சியுற்று அழியும் கொடிய நோய், தாய்ப்பால் மட்டும் பெற்றோரைவிட மாப்பால் மட்டும் பெற்றோரிடம் 6 முதல் 10 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பாலிலும் புரதமும் கல்சியமும் போதா; அதற்காக ஊட்டம் கலப்பார்கள். அதைக் கண்டு 'என் பால் தண்ணிப் பால்' என்று தாய் மனம் உடையத் தேவையில்லை.

பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் கறக்கத் தொடங்க வேண்டும்; இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையளவில். முதல் நாட்களில் வருவது சில துளிகளே. அந்த முதற்பாலை ஊற்றிவிடச் சொல்லும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். தாதியோ அந்தத் துளிகளை ஊசிக்குழலில் எடுத்துக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவுகிறாள்.

மார்பில் வைப்பதற்கு 34 வாரம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சுவீடனின் உப்சாலாவில் 71 குழந்தைகளைக் கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், சில குழந்தைகள் 28 வாரத்திலேயே காம்பைத் தேடிப் பற்றின. பால் வற்றக் கறந்த மார்பில் சப்பவிடலாம். குழாயில் பால் இறங்கும்போது சூப்பி கொடுக்கலாம். சப்புவதும் வயிறு நிறைவதும் அப்போது சேர்ந்து நிகழ்கின்றன.

ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவின் பொஸ்ரனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைடெலீஸ் ஆல்ஸ் 1980களில் வலியுறுத்தியது இன்னொன்று: இக்குழந்தைகளும் பேசுகின்றன. விரல்களை விரிப்பது, விக்கல், கொட்டாவி, முதுகை வளைப்பது, நிறம் மாறுவது எல்லாம் 'போதும், நிறுத்து' என்பதற்கான குறிகள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, அமைதியாக விழித்துப் பார்ப்பது ஆயத்தத்தின் குறிகள். மணிக்கூட்டையும் மில்லிலீற்றரையும் பார்த்துப் புகட்டுவதைவிட இக்குறிகளை வாசித்து ஊட்டுவது மேல். மொழி தெரியாத பெற்றோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வாசிப்பு இது. நாள்முழுதும் அருகிலிருந்தால் தாதியைவிட விரைவில் கற்றும்விடுவார்கள்.

ஆனால் அருகிலிருப்பது யார்? தந்தையின் மார்பும் அதே சூட்டைத் தரும். துடக்குக் கழியட்டும் என்று ஒதுங்கி நிற்கும் தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். சட்டையைக் கழற்றச் சொன்னபோது தாதிக்கு முன் வெட்கப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் இரவு வேலை முடித்து நேரே வந்து கதிரையில் சாய்ந்து, பிள்ளையை நெஞ்சில் கிடத்தியபடி இரண்டு மணித்தியாலம் அசையாதிருந்தவர்களும் நம்மவரே.

இதற்கு நேரம் வேண்டும். நேரம் சட்டத்தின் கையில் இருக்கிறது. ஜேர்மனியில் குறைமாதப் பேற்றுக்குப் பின்னான தாய்மைப் பாதுகாப்புக் காலம் 8 வாரத்திலிருந்து 12 வாரமாக நீள்கிறது. பேற்றுக்கு முன் இழந்த நாட்களும் சேர்க்கப்படும். சுவிஸில் 2021 யூலையிலிருந்து, பிறந்த குழந்தை இரண்டு வாரமாவது தொடர்ந்து வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தால், தாய்மைக் கொடுப்பனவு 56 நாட்கள் வரை நீட்டப்படுகிறது. ஆனால் அது ஏற்கெனவே உழைத்துக் காப்புறுதி செலுத்திய, பின்பு வேலைக்குத் திரும்பவுள்ள தாய்க்கு மட்டும். முகாமிலிருந்து பஸ்ஸேறி வரும் தாய் அந்தக் கணக்கில் இல்லை. அவளுக்குப் பயணச்சீட்டையும், கறந்த பாலைக் குளிரில் கொண்டுவர ஒரு பெட்டியையும், பெயர்த்துச் சொல்ல ஒரு வாயையும் தேடிக்கொடுப்பது இப்போதைக்கு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.