அம்பு எறியும் பொம்மைத் துப்பாக்கி: குறை காணும் முறையும் திருத்தும் எல்லையும்

நுரைப் பிளாஸ்டிக்கினாலான சிறு அம்புகளை எறியும் பொம்மைத் துப்பாக்கிகள் இன்று பல நாடுகளிலும் சிறுவர் கைகளில் காணப்படுகின்றன. இவற்றுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'நெர்ஃப்' என்னும் வகையாகும். 1970ஆம் ஆண்டில் மெல்லிய நுரைப் பந்தாக விற்பனைக்கு வந்த இப்பொம்மை, 1992ஆம் ஆண்டில் அம்பு எறியும் கருவியாகவும் உருப்பெற்றது. வளர்ந்தோர் பலர் இக்கருவியைப் பிரித்து, உறுப்புகளை மாற்றி, அதன் வேகத்தை உயர்த்த முயல்கின்றனர். எனினும், மாற்றியமைத்தபின் கருவி முன்னிலும் மந்தமாகிவிடுவது அடிக்கடி நேர்கிறது. அதன் காரணத்தை ஆராய்வது பௌதிகத்தின் அடிப்படை விதிகள் சிலவற்றை மாணவருக்கு விளக்க நல்வாய்ப்பாகும்.

கருவி இயங்கும் விதம்

கருவியினுள் ஓர் உருளையும் அதனுள் நகரும் பிஸ்டனும் உள்ளன. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும்போது சுருள்வில் இறுகி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விலகுகிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து காற்றை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று அம்பைக் குழாயின் வழியே தள்ளுகிறது. ஆகவே சுருள்வில் நேரே அம்பைத் தள்ளுவதில்லை. அதன் சக்தியைக் காற்றே அம்பிடம் சேர்க்கிறது. காற்று கசிந்தால் சக்தியும் வீணாகிறது.

முதலில் காண வேண்டியது கசிவு

வேகம் குறைந்தவுடன் வலிய சுருள்வில்லை மாட்டுவதே பலரும் செய்யும் பிழை. கசிவைச் சோதித்தலே முதற்படி. சுருள்வில்லை நீக்கிவிட்டு, காற்று வெளியேறும் துளையை நன்றாக மூடிக்கொண்டு, பிஸ்டனைக் கையால் மெல்லத் தள்ள வேண்டும். காற்று எதிர்த்து நின்று, கையை எடுத்ததும் பிஸ்டன் சிறிது பின்வாங்கினால் உருளை செவ்வையாக உள்ளது. தடையின்றி முன்சென்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தோ உலர்ந்தோ இருக்கும். வளையத்தை மாற்றி, சிலிக்கோன் மசகைச் சிறிதளவு பூசினால் போதும். பெட்ரோலிய எண்ணெய்கள் சிலவகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுப்பதால் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

அடுத்து அம்பைக் கவனிக்க வேண்டும். சாதாரண அம்பு ஏறத்தாழ 1 கிராம் எடையும் 7 செ.மீ. நீளமும் உடையது. நசுங்கிய அம்பின் ஓரமாகக் காற்று தப்பிவிடும். மிக இறுக்கமான அம்பு உராய்வினால் தடைப்படும். அம்பு தன் எடையினால் நழுவி விழாமலும், மெல்லத் தள்ளினால் உள்ளே செல்லுமாறும் இருப்பதே தக்க பொருத்தம்.

குழாயின் நீளம்

குழாய் நீண்டால் வேகம் மிகும் என்பது ஓர் எல்லை வரையில்தான் உண்மை. உருளையில் 30 கன செ.மீ. காற்று உள்ளதெனக் கொள்வோம். 13 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அக்காற்று சுமார் 22 செ.மீ. நீளத்தை மட்டுமே நிரப்பும். அதற்கப்பால் அம்பின் பின்னே அமுக்கம் குறைந்து, வெளிக்காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளும். உராய்வும் கசிவும் இருப்பதால், நடைமுறையில் இதனினும் குறைந்த நீளமே ஏற்றது.

சுருள்வில்லும் வால்வும்

வலிய சுருள்வில் கொக்கியின் மீதும் அதனைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் மீதும் சுமையை ஏற்றுகிறது. நாளடைவில் அவை விரிசலுறும். சில கருவிகளில், அம்பு இல்லாதபோது காற்றை அடைத்து நிறுத்தும் சிறு வால்வு ஒன்று உண்டு. அதனை நீக்கினால் காற்று தடையின்றிச் செல்வது உண்மையே. ஆனால் அம்பின்றி விசையை அழுத்தும்போது பிஸ்டனைத் தாங்கும் காற்றுமெத்தையும் இல்லாது போகும்; பிஸ்டன் உருளையின் முகப்பில் வேகமாக மோதும்.

மோட்டார் வகை

இருசக்கரங்களுக்கிடையே அம்பைச் செலுத்தும் வகையில், சக்கர விளிம்பின் வேகமே அம்பின் வேகத்திற்கு மேல்வரம்பு. 3 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 18,000 முறை சுழன்றால் விளிம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 28 மீட்டர். வேகம் குன்றினால் பாட்டரியின் முனைகளில் படிந்த களிம்பையும், மெல்லிய கம்பிகளையும், சக்கரங்களின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் மோட்டாரைச் சூடாக்கிக் கருக்கிவிடும்.

வகுப்பறையில் அளத்தல்

தரையிலிருந்து 122 செ.மீ. உயரத்தில் கருவியைக் கிடைமட்டமாக வைத்துச் சுட்டால், அம்பு தரையைத் தொட ஏறத்தாழ அரை வினாடி ஆகும். சென்ற தூரத்தை இரண்டால் பெருக்கினால் சராசரி வேகம் கிட்டும். காற்றின் தடையால் இது தொடக்க வேகத்தினும் குறைந்தேயிருக்கும். எனினும் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, ஐந்து முறை சுட்டுச் சராசரியைக் குறிக்க வேண்டும். பல உறுப்புகளை ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

எல்லை எங்கே?

வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகிறது. 1 கிராம் அம்பு வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 0.2 ஜூல் சக்தியும், 40 மீட்டர் வேகத்தில் 0.8 ஜூல் சக்தியும் உடையது. 2017ஆம் ஆண்டில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், இத்தகைய அம்பு பட்டுக் கண்ணினுள் இரத்தம் கசிந்த மூவரைப் பற்றி எழுதினர். அவருள் ஒருவர் 11 வயதுச் சிறுவர். இந்தியாவில் பொம்மைகளுக்குரிய தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பெறும் தரச்சான்று விற்கப்பட்ட நிலையிலுள்ள பொம்மைக்கே உரியது. மாற்றியமைத்த கருவிக்கு அது பொருந்தாது.

ஆதலின் கசிவை நீக்குதல், அம்பைப் பொருத்துதல், மின்தொடர்பைச் சுத்தம் செய்தல் ஆகியவற்றோடு மாணவர் சோதனை நிற்பது நலம். சோதனையின்போது சுற்றியுள்ள அனைவரும் கண்ணாடிக் கவசம் அணிதல் வேண்டும். எவர் முகத்தையும் குறிவைத்தல் ஆகாது. இழந்த சக்தியை மீட்பதே சீர்திருத்தம். கருவி தாங்காத சக்தியை அதன்மீது ஏற்றுவது சீர்திருத்தமாகாது.