உங்களுக்குத் தெரியுமா? மெழுகு காக்கும் இளஞ்சூடு

பிறந்த குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கோ தோலடிக் கொழுப்பு போதாமையால், சாதாரண அறைச்சூட்டிலும் உடல் குளிர்ந்துவிடும். அத்தகைய குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டருக்கோ இடையறாத மின்சாரம் வேண்டும். 2007-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்புப் பணியாகத் தொடங்கிய ‘எம்ப்ரேஸ்’ என்னும் சாதனம், பார்வைக்குச் சிறு உறக்கப்பை போன்றதே; ஆனால் அதன் முதுகுப்புறம் செருகப்படும் உறையில் மெழுகு போன்ற பொருள் அடைக்கப்பட்டுள்ளது. முன்கூட்டியே சூடேற்றி உருக்கப்படும் அப்பொருள், மீண்டும் உறையும்போது தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது நிலைமாற்றத்தின்போது வெப்பநிலை மாறாமலே வெளிப்படும் வெப்பத்தை, மெல்ல விடுவித்து, மின்சாரமின்றியே சில மணி நேரம் ஏறத்தாழ 37 டிகிரியை நிலைநிறுத்துகிறது. அறிவியல் பழையது, அதைப் பொருத்திய இடமே புதிது. எனினும், தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு இது துணையே தவிர, மாற்று அன்று.