இடம், வலம், பொதுவுடைமை: அங்கத்தினர் அறிய வேண்டியவை

திருநின்றவூர் வட்டாரத்துச் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் நூல் பங்கீடு குறித்தோ பயிர்க்கடன் குறித்தோ விவாதம் முற்றுமானால், "அவர் இடதுசாரி", "இவர் வலதுசாரி" என்னும் சொற்கள் ஏச்சுப் போல எழுவதை நாம் கண்டிருக்கிறோம். அதன்பின் நூலும் கடனும் மறைந்து, கட்சிப் பூசலே மிஞ்சுகிறது. இச்சொற்களின் பொருளை அறிந்துகொண்டால் வீண் பகை குறையும் என்ற எண்ணத்தாலேயே இவற்றைச் சுருக்கமாக விளக்க முற்படுகிறோம்.

'இடம்', 'வலம்' என்பவை முதலில் ஆசன வரிசையையே குறித்தன. 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசிய சபையில், மன்னரின் அதிகாரத்தைக் காக்க விரும்பியோர் தலைவருக்கு வலப்புறத்திலும், அதனைக் குறைக்க விரும்பியோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். நாளடைவில் இச்சொற்களின் பொருள் விரிந்தது. செல்வ ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசாங்கம் தலையிட வேண்டும், பெருந்தொழில்கள் பொதுமக்களுக்கு உடைமையாக வேண்டும் என்போர் இடதுசாரிகள் எனப்பட்டனர். தனியுடைமையும் வாணிப சுதந்திரமும் காக்கப்பட வேண்டும், தொன்றுதொட்டு வரும் அமைப்புகளை அவசரப்பட்டு மாற்றலாகாது என்போர் வலதுசாரிகள் எனப்பட்டனர். இவ்விரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. இடதுசாரி யாவரும் கம்யூனிஸ்டு அல்லர்.

அப்படியாயின் கம்யூனிசம், அதாவது பொதுவுடைமை, யாது? நிலம், ஆலை, யந்திரம் ஆகிய உற்பத்திச் சாதனங்கள் தனியாரிடம் இருக்கும்வரை உழைப்பவன் சுரண்டப்படுவான். ஆதலின் அவை சமுதாயத்தின் உடைமையாக வேண்டும் என்பதே அதன் சாரம். கார்ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848இல் வெளியிட்ட அறிக்கை இக்கொள்கையை உலகறியச் செய்தது. எங்கெல்ஸ் வேலை பார்த்தது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலையில். அந்நகருக்கு அருகிலுள்ள ராச்டேலில்தான், 1844இல், நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளிகள் 28 பேர் சிறு தொகை சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்தனர். யந்திரத் தறியால் கைத்தறி நலிந்த ஒரே துன்பத்திற்கு, ஒரே வட்டாரத்தில், இரு மருந்துகள் பிறந்தன. ஒன்று உடைமை முறையையே மாற்றச் சொன்னது. மற்றது எளியோர் தாமே சேர்ந்து உடைமையாளர் ஆகலாம் என்றது.

தமிழ்நாட்டில் பொதுவுடைமைக்கு முன்னோடி ம. சிங்காரவேலர். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தினம் கொண்டாடியவர் அவர். இந்தியக் கம்யூனிஸ்டுகள் வாக்குச்சீட்டின் வழியே 1957இல் கேரளத்தில் ஆட்சி அமைத்தனர். சோவியத் நாட்டிலோ வேறு விதமாய் நடந்தது. 1929 முதல் குடியானவர்களின் நிலங்கள் பலவந்தமாகக் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. 1932-33இல் கொடிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்நாடும் 1991இல் கலைந்தது. கூட்டு என்பது விருப்பத்தால் வருவதா, கட்டாயத்தால் வருவதா என்பது எத்துணை முக்கியம் என்பதை இச்சரித்திரம் காட்டுகிறது.

நம் ஊரிலிருந்து இரயிலில் கிழக்கே சில நிலையங்கள் சென்றால் ஆவடி. அங்கு 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைதான் 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்னும் இலட்சியத்தை ஏற்றது. தலைமை வகித்தவர் யூ.என். தேபர், சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சர் அப்போது காமராஜர். தனியார் தொழிலை அடியோடு அகற்றாமல், அடிப்படைத் தொழில்களை அரசாங்கம் மேற்கொள்வது அந்த நோக்கின் வழி. 1959இல் நாகபுரி காங்கிரஸ் ஒருபடி மேற்சென்று, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை நடத்துவதே வருங்கால முறை எனத் தீர்மானித்தது. நிலவுரிமை குடியானவரிடமே இருக்கும் என்றும் கூறியது. அந்த வாக்குறுதியை நம்பாத இராஜாஜி, என்.ஜி. ரங்கா முதலியோர் அதே ஆண்டு சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தனர். குடியானவனின் நிலம் கைநழுவும், அதிகாரிகளின் ஆதிக்கம் பெருகும் என்பது அவர்கள் வாதம். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. நாகபுரித் திட்டமோ நாட்டில் வேரூன்றவில்லை.

ஆயினும் ஆட்களின் மேல் பட்டம் ஒட்டுவதில் எச்சரிக்கை தேவை. வலதுசாரி எனப்பட்ட அதே இராஜாஜி, 1952-54இல் முதலமைச்சராயிருந்தபோது, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று வற்புறுத்தினார். வாணிபத்தில் தலையிடுக என்பதன்றோ அது? நெசவாளரின் பசிக்கு முன் பட்டங்கள் நில்லா.

நம் கூட்டுறவு இவ்விரண்டில் எப்பக்கம்? மேற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில், 1904ஆம் ஆண்டிலேயே விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றியது. அங்கத்தினர் பங்கு செலுத்துவதால் உடைமை அவர்களுடையது. இதனை வலதுசாரி மறுக்க மாட்டார். பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதால் அங்கே சமத்துவம் உண்டு. இதனை இடதுசாரி மறுக்க மாட்டார்.

இருசாராரும் நம்மைக் குறை கூறவும் செய்வர். வசதியுள்ள சிலர் சங்கத்தைக் கைப்பற்றி, ஏழை அங்கத்தினருக்குக் கடனும் நூலும் கிட்டாமல் செய்வர் என்பார் ஒருவர். அரசாங்க உதவியையே நம்பி அங்கத்தினர் பொறுப்பை மறப்பர் என்பார் மற்றவர். கணக்கேடுகளைப் பார்வையிடும் பணியில் இருக்கும் நாம் சொல்கிறோம்: இரண்டு எச்சரிக்கையும் மெய்யே. எனவே ஒரு தீர்மானம் மகாசபைக்கு வரும்போது, கொண்டுவந்தவரின் கட்சியை விடுத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உடைமை யாருக்கு? முடிவு செய்வது யார்? நஷ்டம் வந்தால் தாங்குபவர் யார்? இம்மூன்றுக்கும் விடை 'அங்கத்தினர்' என்றிருக்குமானால், அதைச் சொன்னவர் எப்பக்கத்தில் அமர்ந்திருந்தாலென்ன? கட்சியைச் சங்க வாயிலில் விட்டு வாருங்கள். ஐந்தொகைக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாருங்கள்.